கெடாவில் ஒரு சொந்தக்காரர்

காளிமுத்துவின் மகள் திலகவதிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று, அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். துக்கம் விசாரிக்கவே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் விஷயம் தெரிந்ததும், வந்ததற்கு ஆளுக்கொரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அவர்களும் கூடச் சேர்ந்து கவலைப்பட்டார்கள்.

இடம் கிடைத்தது தப்பில்லை. கிடைத்த ஊர்தான் தப்பு. கெடா மாநிலத்தின் வடகோடியில், இன்னும் கொஞ்சம் போனால் தாய்லாந்து என்கிற இடத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்தது. கணக்கியல் படிப்பு. 1995 ஜூலை முதல் வாரத்தில் குறித்த நாளில் நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும், வராவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று கடிதம் கறாராகச் சொன்னது. மகள் இரண்டு வருடம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எஸ்.டி.பி.எம் பரீட்சைக்குப் படித்ததைப் பார்த்து ஊரெல்லாம் பெருமையடித்த மனிதர்தான் காளிமுத்து. படித்து முடித்தால் பிள்ளை எங்காவது போகவேண்டி வரும் என்பது மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"மலாக்காவுலயே ஒண்ணு கட்டித் தொலைச்சா என்னவாம்?" என்று அரசாங்கத்தின் மேல் எரிந்து விழுந்தார்.

மற்றவர்கள் பிள்ளைகளை அனுப்புவதை அவர் பார்க்காதவரில்லை. மலாக்காவின் குருபோங்கில் அவர் குடியிருந்த தாமான் குடியிருப்பில், எதிர்வீட்டு ஹாஜி யூசோப்பின் மகள் போன வருடம் படிக்கப் போனபோது வீட்டில் ஓதி, ஊருக்கே சோறு போட்டு, மூன்று கார் நிறைய ஆட்கள் கூடப்போய் விட்டுவிட்டு வந்தார்கள். உதவித்தொகைக் கடிதம் அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. காளிமுத்துவும் அந்த விருந்துக்குப் போய்க் கோழியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முனையில் ஆணிக்கடை வைத்திருந்த லிம், மகளை ஒரு வெள்ளிக்கிழமை தனியாக அடிலெய்டுக்கு விமானம் ஏற்றிவிட்டு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கடையைத் திறந்து பெயிண்ட் டப்பா விற்றுக்கொண்டிருந்தார். காளிமுத்து தூரிகை வாங்கப் போனவர், அந்த ஆள் அழுதாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தார். லிம் மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மலாய்க்காரனுக்கு அரசாங்கம் இருக்கிறது, சீனனுக்குத் துணிச்சல் இருக்கிறது, நமக்கு மானம் இருக்கிறது. செங் தொழிற்பேட்டைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னபோது நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த நாலு பேரும் அவரைப் போல டிரைவர்கள்.

காளிமுத்து ஓட்டியது தொழிற்சாலை பஸ். பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டதும் குருபோங்குக்கு வந்து, பத்து வருடமாக அதே முப்பது கிலோமீட்டரைப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். நாற்பது பெண்களை விடுதிகளிலிருந்து ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட வேண்டும். கிளந்தான், கெடா, பேராக் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. அவர்கள் தாய் தகப்பனை விட்டு வந்ததால்தான் காளிமுத்து வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை அவர் யோசித்ததே இல்லை. அவர்களை இறக்கிவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும், எவள் எவனோடு போனாள், எவள் எத்தனை மணிக்கு விடுதிக்குத் திரும்பினாள் என்று கதை அளக்க ஆரம்பிப்பார். பாதி கேள்விப்பட்டது, மீதி அவரே சேர்த்தது.

"அப்பன் ஆத்தா கண்ணு மறைஞ்சா இப்படித்தான்லா," என்று முடித்து வைப்பார்.

இப்படிப் பேசியவர் தன் மகளை எப்படி விடுதிக்கு அனுப்புவார்? கோயில் செயலாளர் சிவசாமி வேறு எண்ணெய் ஊற்றினார். தாமானில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து கருத்துச் சொல்லிவிட்டுப் போகிறவர் அவர்.

"பொட்டப் புள்ளய ஹாஸ்டல்ல விட்டுட்டு நாம இங்க சோறு திங்க முடியுமாண்ணே? என் பொண்ணு ஷாந்தினிகிட்ட இப்பவே சொல்லிட்டேன். மலாக்காவத் தாண்டி படிப்பே கெடையாதுன்னு."

ஷாந்தினிக்கு அப்போது பதினேழு வயது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

காளிமுத்துவின் மனைவி சுப்பம்மா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மகள் போக வேண்டும். அதை நேராகச் சொன்னால் வேலைக்காகாது என்று தெரிந்தவள், புருஷனை விஜயரட்ணம் ஐயா வீட்டுக்குக் கிளப்பிவிட்டாள். விஜயரட்ணம் ஆஸ்பத்திரியில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகன் ஜெயகாந்தன் வெளிநாட்டில் பட்டமளிப்பு அங்கியோடு நிற்கும் படம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கும்.

"இஞ்ச பாரும் காளிமுத்து," என்றார் விஜயரட்ணம், நாற்காலியைக் காட்டிவிட்டு. "எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலயே பிள்ளையளைக் கப்பலேத்தி விட்டவை. உங்கட ஆக்கள்தான் பிள்ளையளைச் சேலைத் தலைப்பில முடிஞ்சு வச்சிருக்கிறியள். பேசாம அனுப்பிவிடும்."

காளிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மூன்று தலைமுறையாக இந்த 'உங்கட ஆக்கள்' காதில் விழுந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் இவர்கள் ஆட்கள் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்து பெயர் கூப்பிட்டபோதும் இதே தொனிதான். ஆனால் வந்த காரியம் கருதி, "சரிங்கய்யா" என்றார்.

தேநீர் கொண்டுவந்த விஜயரட்ணத்தின் மனைவி செசிலியா போகாமல் நின்றாள்.

"ஜெயகாந்தன் போய் ஆறு வருசம். வாற கிறிஸ்மஸ், வாற கிறிஸ்மஸ் எண்டு எழுதுறான்," என்றாள்.

விஜயரட்ணம் தினசரியை எடுத்து விரித்துக்கொண்டார். காளிமுத்து தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"சொந்தபந்தம் இல்லாத ஊர்ல பொண்ணத் தங்க வைக்க முடியாது. நம்ம ஆளு ஒருத்தர் அங்க இருந்தா, அவங்க வீட்ல தங்கிப் படிக்கட்டும். இல்லாட்டி வேணாம். முடிஞ்சிருச்சு."

முடியவில்லை. சுப்பம்மா அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பத்திரிகைக் கட்டை எடுத்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமகிரியைப் பத்திரிகை. கருமகிரியைப் பத்திரிகையில்தான் சொந்தக்காரர் பெயரெல்லாம் ஊரோடு வரும். செத்தவருக்கு எத்தனை ஊரில் ஆள் இருந்தது என்று காட்ட வேண்டுமே. காளிமுத்துவின் சித்தப்பா செத்தபோது அடித்த பத்திரிகையில், கீழே, ஆறாவது வரியில் இருந்தது: மகள் மீனம்மா, மருமகன் முனியாண்டி, சுங்கை பட்டாணி, கெடா.

"கெடா!" என்று கத்தினார் காளிமுத்து. பதினேழு வருடமாக எட்டிப் பார்க்காத தங்கச்சி மேல் அந்த நிமிடம் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலாக்காக்காரர்களுக்கு மாநிலம் என்றால் ஒரு மணி நேரம். இந்தக் கோடியில் பஸ் ஏறினால் அந்தக் கோடியில் இறங்கும்போது வாயில் போட்ட வெற்றிலை சாரம் போயிருக்காது. ஒரே மாநிலத்தில் இருக்கிறவர்கள் என்றால் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடியவர்கள். காளிமுத்துவுக்குக் கெடாவும் அப்படித்தான். சுங்கை பட்டாணியும் கெடா, பல்கலைக்கழகமும் கெடா, அப்புறம் என்ன? அவர் பஸ்ஸிலேயே கெடாக்காரப் பெண்கள் பத்துப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் பத்து வருடத்தில் அவர்களிடம் அவர் பேசிய பேச்சே "மாசோக், செப்பாட்", ஏறு, சீக்கிரம், என்பதுதான்.

திலகவதி அன்று மாலை பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை எடுத்தாள். கெடா பக்கத்தைத் திருப்பி, அளவுகோலை வைத்துப் பார்த்தாள். புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஹாஸ்டல் ஃபார்ம்ல வேணாம்னு எழுதிரு," என்றார் காளிமுத்து.

"சரிப்பா," என்று படிவத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

சொந்தக்காரர்களிடம் நம்பரை விசாரித்து முனியாண்டிக்கு ஃபோன் போட்டார்கள். பதினேழு வருடம் கழித்து மச்சான் குரலைக் கேட்ட முனியாண்டி, யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். பிள்ளை படிக்க வருகிறது, வீட்டில் தங்கும் என்றதும், "தாராளமா வரட்டும் மச்சான்" என்றார். ஏன் தங்குகிறது என்று கேட்க அவருக்கு நாகரிகம் இடம் கொடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு கோயிலில் அர்ச்சனை. திலகவதிக்கு மாலை போட்டார்கள். சிவசாமி மைக்கைப் பிடித்து, "அண்ணன் காளிமுத்துவின் புதல்வி, நெருங்கிய உறவினர் இல்லத்தில் தங்கி, நமது பண்பாடு குன்றாமல் உயர்கல்வி பயில உள்ளார்" என்று அறிவித்தார். கைதட்டல் முடிய நேரமாயிற்று. காளிமுத்து வேட்டியை இரண்டு தடவை இறக்கிக் கட்டிக்கொண்டார்.

பதிவுக்கு முந்தின நாள் விடியற்காலை ஒரு வேனில் ஒன்பது பேர் கிளம்பினார்கள். அப்பா, அம்மா, பிள்ளை. மற்ற ஆறு பேர், சுப்பம்மாவின் தங்கை குடும்பமும், பினாங்கு பார்த்ததில்லை என்பதற்காக ஏறிக்கொண்ட பக்கத்து வீட்டார் இருவரும். ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறி, மூன்று இடத்தில் நிறுத்திப் புளிச்சோறு சாப்பிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குச் சுங்கை பட்டாணி போய்ச் சேர்ந்தார்கள்.

முனியாண்டியின் வீட்டில் இரண்டு அறை. அதில் ஐந்து பிள்ளைகள். மீனம்மா அண்ணனைப் பார்த்து அழுதாள், ஒன்பது பேரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள், பிறகு அரிசி களையப் போனாள்.

முனியாண்டி சாவகாசமாகக் கேட்டார். "காலையில எத்தன மணிக்குக் கெளம்புறீங்க மச்சான்? ஆறுக்காச்சும் எடுத்தாத்தான் சரியா இருக்கும்."

"எதுக்கு அவ்ளோ சீக்கிரம்?"

"நூறு கிலோமீட்டர் இருக்குல்ல."

"எங்கேர்ந்து?"

"இங்கேர்ந்துதான்."

காளிமுத்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "என்ன மாப்ள, ஒரே கெடாதானே?"

"ஒரே கெடாதான் மச்சான். பெரிய கெடா."

காளிமுத்து திரும்பி மகளைப் பார்த்தார். எல்லோர் முகத்திலும் திகைப்பு இருந்தது. அவள் முகத்தில் மட்டும் இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வேன் எடுத்திருப்பீங்களா?"

"ஹாஸ்டல் ஃபார்ம்ல என்ன எழுதுன?"

"வேணும்னுதான் எழுதுனேன். ரூம் நம்பர்கூட வந்திருச்சு." பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

காளிமுத்து அதை வாங்கவில்லை. "எல்லாரும் வண்டியில ஏறுங்க," என்றார். "வீட்டுக்குப் போறோம்."

யாரும் அசையவில்லை. பினாங்கு பார்க்க வந்த இருவர் சுவரைப் பார்த்தார்கள். உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க போகணும்?" என்றாள் சுப்பம்மா. புருஷனை அவள் நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசியதை யாரும் பார்த்ததில்லை. "ஹாஸ்டல்ல இருந்தா புள்ள கெட்டுப் போயிருமா? இல்ல, கெட்டுப் போச்சுன்னு சொல்லிருவாங்களா? எது ஒங்க பயம்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தெனம் பாக்குறேன், வீட்ட விட்டு வந்த பொண்ணுங்கள."

"நீங்க பாக்குறது பஸ்ஸு கண்ணாடியில. மிச்சம் நீங்களா சொல்றது. கேண்டீன்ல அந்தப் பொண்ணுங்களுக்குச் சோறு போடுறது நான். ஒவ்வொருத்தியும் ஓவர்டைம் பாத்து ஊருக்குத் தம்பி படிப்புக்கு அனுப்புறா. அதுங்களப் பத்தி நீங்க கடையில பேசுனது அத்தனையும் நாளைக்கு நம்ம பொண்ணு மேல வந்து விழும்னுதானே ஒங்களுக்கு வயித்தக் கலக்குது?"

காளிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தன் வாயைப் போல இன்னும் எத்தனை வாய் இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்.

திலகவதி மெதுவாகச் சொன்னாள். "காலையில ஆறரைக்கு இங்கேர்ந்து பஸ்ஸு இருக்குப்பா. நீங்க திரும்பணும்னா திரும்புங்க. நான் அதுல போயிக்கிறேன்."

அதட்டவில்லை, அழவில்லை. பஸ் நேரம் சொன்னாள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அந்த நேரத்தைக் குருபோங்கில் இருக்கும்போதே விசாரித்து வைத்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. விட்டாலும் போய்விடுவாள், விடாவிட்டாலும் போய்விடுவாள்.

அவர் மனம் இளகிவிட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவர் கணக்குப் போட்டது வேறு. திரும்பிப் போனால் தாமானில் என்ன சொல்வது? மாலை போட்டாயிற்று, கைதட்டு வாங்கியாயிற்று. பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பினால், அங்கே என்ன நடந்ததோ என்று சிவசாமி ஒருவரே ஒரு வாரத்துக்குக் கதை கட்டுவார். போனாலும் பேசுவார்கள், போகாவிட்டாலும் பேசுவார்கள். இத்தனை நாளும் பிள்ளையை வீட்டோடு கட்டிப்போட நினைத்த அந்த ஊர்வாய்ப் பயம்தான், அன்று அவரைப் பிடித்து வடக்கே தள்ளியது.

முனியாண்டி நல்ல மனிதர். மச்சான் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ல கேட்டா எங்க வீட்லதான் இருக்குன்னு சொல்லுங்க மச்சான். எங்க வீட்ட யாரு வந்து பாக்கப் போறா? நீங்களே பதினேழு வருசமா வரல."

அப்படித்தான் அந்த ஏற்பாடு ஆயிற்று. காளிமுத்து எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, கூட வந்த எட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தி, வெளியே மூச்சு விடமாட்டோம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு உள்ளங்கை சுட்டுவிட்டது. மீனம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் திருவிழாக் கூட்டம். மலாய்க் குடும்பங்கள் மரத்தடியில் பாய் விரித்து, பாட்டி முதல் கைக்குழந்தை வரை உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தன. ஒரு சீனப் பெண் ஒற்றைப் பெட்டியோடு தனியாக வந்து, அறிவிப்புப் பலகையைப் படித்து, வரிசையில் நின்று, பதிந்துவிட்டுப் போயே போய்விட்டாள். ஒன்பது தமிழர்கள் கண்ணில் பட்ட அலுவலரிடமெல்லாம், பிள்ளைக்குப் பக்கத்திலேயே மாமா வீடு இருக்கிறது என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அலுவலர்கள் "பாகுஸ், பாகுஸ்", நல்லது நல்லது, என்றார்கள்.

விடுதி வாசலில் திலகவதி அப்பாவின் காலில் விழுந்து எழுந்தாள். நல்லாப் படி, உடம்பைப் பார்த்துக்கொள், பயமா இருந்தா ஃபோன் பண்ணு, அப்பா வர்றேன் என்று காளிமுத்து வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது ஒன்றுதான்.

"யாராச்சும் கேட்டா, மீனம்மா அத்தை வீடுன்னு சொல்லும்மா."

வேனில் ஏறிய பிறகுதான் மற்றதைச் சொல்லவில்லை என்று நினைவு வந்தது. திரும்பும் வழியில் அலோர் ஸ்டார் வரைக்கும் அழுதார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

குருபோங்கில் முனியாண்டியின் வீடு வளர ஆரம்பித்தது. முதல் மாதத்தில் அதற்கு நாலு அறை ஆயிற்று. தீபாவளிக்குள் திலகவதிக்குத் தனி அறை, மேசை, காற்றாடி எல்லாம் வந்துவிட்டன. முனியாண்டி தினமும் காலையில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகவும் காளிமுத்து சொன்னார். போக நூறு கிலோமீட்டர், வர நூறு. லீவில் வந்த திலகவதியைக் கோயிலில் பெண்கள் பிடித்துக்கொண்டு, அத்தை எப்படிச் சமைப்பாள் என்று கேட்டார்கள்.

"மீன் கொழம்பு நல்லா வைப்பாங்க," என்றாள் திலகவதி. அவள் அந்த வீட்டில் சாப்பிட்டது ஒரே ஒரு வேளை. அன்று கத்தரிக்காய்தான்.

ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. தேத்தண்ணிக் கடையில் டிரைவர்கள் விடுதிப் பெண்களைப் பற்றி ஆரம்பித்தால், காளிமுத்து பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். நிறுத்துங்கடா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவு தூரம் அவர் இன்னும் போகவில்லை.

இரண்டு வருடம் போனது. 1997 ஜூன் மாதம் ஒரு மாலை, சிவசாமி வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த ஒரு கடிதம்.

"ஷாந்தினிக்கு யூனிவர்சிட்டி கெடைச்சிருக்குண்ணே."

"அட, நல்ல சேதி! எங்க?"

"சரவாக்." சொல்லிவிட்டுச் சிவசாமி கண்ணைத் துடைத்தார். "கடல் தாண்டி. அழுவுறா, போவணும்னு. ரெண்டு நாளா சாப்பிடல. நான் என்னண்ணே பண்ணுவேன், ஊர்ல என்னென்ன பேசியிருக்கேன்."

காளிமுத்து அவரைப் பார்த்தார். பழைய சிவசாமியாக இருந்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை குத்தியிருக்கலாம். குத்துவதற்கு வார்த்தை தயாராகவும் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது, சுங்கை பட்டாணியில் நின்ற காளிமுத்துதான்.

"அங்க நமக்கு… சொந்தம்னு யாராச்சும் இருக்காங்களாண்ணே?" என்றார் சிவசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

சரவாக்கில் காளிமுத்துவுக்கு ஒரு ஈ எறும்பைக்கூடத் தெரியாது.

"இருக்காரே," என்றார். "கூச்சிங்ல. கந்தசாமின்னு. எங்க பெரியம்மா வழியில அண்ணன் மொறை. நல்ல மனுசன். பெரிய வீடு."

சுப்பம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காளிமுத்து அவள் பக்கம் திரும்பாமல், காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கூச்சிங்கில் தெருவின் பெயர் ஜாலான் என்னவாக இருக்கும் என்று யோசித்தார். வீட்டு எண் பன்னிரண்டு என்று போட்டார்.

சிவசாமி கையை நீட்டி அந்தத் தாளை மெல்ல நகர்த்தி வைத்தார்.

"அட்ரஸெல்லாம் எதுக்குண்ணே? பேரு போதும்," என்றார். "ஒங்க முனியாண்டிய நாங்க யாராச்சும் அட்ரஸ் கேட்டோமா?"

காளிமுத்துவின் காது மடல் சூடேறியது. வளர்ந்த அறைகளும் மோட்டார் சைக்கிளும் மீன் குழம்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டு வருடம் தாமானே உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டிருக்கிறது. சிவசாமியின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. மகளைப் பிரியப்போகிற ஒரு தகப்பனின் முகம் மட்டும்தான் இருந்தது.

பேனாவை மூடினார். "கந்தசாமி," என்று இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னார். சிவசாமி அந்தப் பெயரை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மகளிடம் சொல்ல எழுந்து போனார்.